அறுபதாயிரம் வாட் கவசமும் ஒரு முழங்காலும்

டி-51 என்ற போர்க்கவசத்தின் முதுகில் குட்டி அணு உலை ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. அது தரும் மின்சாரம் 60,000 வாட். 1997இல் வெளிவந்த 'ஃபால்அவுட்' என்ற கணினி விளையாட்டு இந்தக் கணக்கைச் சொன்னபோது உலகெங்கும் இளைஞர்கள் வாயைப் பிளந்தார்கள். திருவனந்தபுரத்தில் குடியிருக்கும் நம் கட்டுரையாளரோ கால்குலேட்டரை எடுத்தார். 60,000 வாட் என்றால் 60 கிலோவாட். முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 60 யூனிட். கேரள மின்வாரியத்தில் மாதம் 250 யூனிட்டைத் தாண்டிவிட்டால் சலுகைப் படிகள் எல்லாம் போய், முதல் யூனிட்டிலிருந்தே உயர்ந்த விலை. ஆக, கேரளத்தில் ஒரு வீரன் இரண்டு மாதத்துக்கு எட்டு மணி இருபது நிமிடம்தான் உலகத்தைக் காப்பாற்றலாம். அதற்கு மேல் காப்பாற்றினால் வீட்டில் கேள்வி வரும்.

எல்லைக்கு அந்தப்பக்கம் நாகர்கோவிலில் இருந்திருந்தால் நிலைமை கொஞ்சம் வேறு. தமிழ்நாடு அரசு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 100 யூனிட் இலவசமாகக் கொடுக்கிறது. கவசத்தை ஒரு மணி நாற்பது நிமிடம் பைசாச் செலவில்லாமல் மாட்டிக்கொள்ளலாம். பிறகு அடுத்த கணக்கெடுப்பு வரும்வரை இரும்புக்குள் நின்றபடி காத்திருக்க வேண்டியதுதான்.

இந்த ஞானமெல்லாம் கட்டுரையாளருக்கு அவருடைய மருமகன் வழியாக வந்தது. சகோதரியின் மகன். திருவனந்தபுரத்தில் பொறியியல் படிக்கிறான், மாமா வீட்டில் தங்கியிருக்கிறான், இரவு ஒரு மணிக்கு மாடி அறையில் அணுகுண்டுக்குப் பிந்தைய அமெரிக்காவைச் சுற்றிவருகிறான். அந்த விளையாட்டின் கதைப்படி 2077 அக்டோபர் 23 அன்று அமெரிக்காவும் சீனாவும் ஒன்றை ஒன்று அணுகுண்டால் தீர்த்துக்கட்டிவிடுகின்றன. அதற்குச் சில மாதங்கள் முன்பு, அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரைச் சீனரிடமிருந்து மீட்டது இந்தக் கவசப் படைதான். பிறகு மீட்பதற்கு நாடே இல்லை. கவசம் மட்டும் மிஞ்சியது. இரும்புச் சகோதரர்கள் என்றொரு கூட்டம் அதைப் பூஜை செய்யாத குறையாகப் பாதுகாத்து வருகிறது.

"மாமா, இத போட்டுட்டு மலைலேருந்து குதிச்சாலும் ஒண்ணும் ஆவாது" என்றான் மருமகன்.

"படி ஏறலாமா மக்கா?" என்று கேட்டார் கட்டுரையாளர்.

கேள்வியில் சுயநலம் இருந்தது. அவருக்கு வலது முழங்கால் சில காலமாக ஒத்துழைக்க மறுக்கிறது. திருவனந்தபுரமோ மேடும் பள்ளமுமாக எழுந்த ஊர். பால் வாங்கப் போனாலும் ஒரு ஏற்றம், திரும்பினாலும் எப்படியோ இன்னொரு ஏற்றம். எனவே, பேயையும் பூதத்தையும் சுட்டுத் தள்ளுவதற்காகச் செய்த அந்த ஏழடிக் கவசத்தில் கட்டுரையாளரின் கண் போய் நின்ற இடம் முட்டி. அங்கே ஒரு ஹைட்ராலிக் இணைப்பு இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய மனைவிக்கு இந்த ஆராய்ச்சியில் நம்பிக்கை இல்லை. கவசம் வேண்டுமென்றால் வீட்டிலேயே ஒன்று இருக்கிறது என்பது அவர் கட்சி. தேவராய சுவாமிகள் அருளிய கந்த சஷ்டி கவசத்தில் உச்சி முதல் உள்ளங்கால்வரை ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனியாக வேல் ஒதுக்கப்பட்டிருக்கிறது. முழங்காலும் அந்தப் பட்டியலில் உண்டு. மின்சாரம் வேண்டாம், துரு பிடிக்காது, காலையில் சொன்னால் போதும். தொழில்நுட்ப ரீதியாக இதை மறுக்கக் கட்டுரையாளரால் முடியவில்லை. கர்ணனின் கவசத்தையும் அவர் எண்ணிப் பார்த்தார். பிறக்கும்போதே ஒட்டிவந்தது, அளவு எடுக்கத் தேவையில்லை, வளர வளரக் கூடவே வளர்ந்தது. இந்திரன் வந்து கேட்டதும் கழற்றிக் கொடுத்தது ஒன்றுதான் அதில் நேர்ந்த கோளாறு; அதுவும் உற்பத்திக் கோளாறு அல்ல, உபயோகிப்பாளர் கோளாறு.

ஃபால்அவுட் கவசத்துக்கு உற்பத்திக் கோளாறே நிஜ உலகில் நேர்ந்திருக்கிறது. 2018இல் 'ஃபால்அவுட் 76' வெளிவந்தபோது, 200 டாலர் சிறப்புப் பதிப்பு வாங்குபவர்களுக்குக் கவசத்தின் தலைக்கவசத்தையும் அதை வைக்கக் கித்தான் பையையும் தருவதாக விளம்பரம் செய்தார்கள். வந்து சேர்ந்தது நைலான் பை. அணுகுண்டுகளைச் சிரித்தபடி தாங்கிய ரசிகர்கள் நைலானைத் தாங்கவில்லை. பெரிய கலவரமாகி, கடைசியில் கித்தான் பை தைத்து அனுப்ப வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு செப்டம்பரில் இன்னொரு செய்தி. அமெரிக்கக் கடைகளில் விற்ற டி-51 தலைக்கவசத்தின் ஒரு வகையைத் திரும்பப் பெறும்படி அங்குள்ள நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அறிவித்தது. காரணம், உள்துணியில் பூஞ்சை.

வறண்ட கடைகளில் விற்றதற்கே அந்தக் கதி. திருவனந்தபுரத்தில் தென்மேற்குப் பருவமழை ஜூன் தொடக்கத்தில் வந்து பெய்கிறது. அது ஓய்ந்து துணி உலர்த்தலாம் என்று கொடி கட்டும்போது வடகிழக்குப் பருவமழை வந்துவிடுகிறது. இரண்டு மழையையும் முழுசாக வாங்கும் பேறு இந்த ஊருக்கு. பீரோவில் வைத்த தோல் பெல்ட்டில் பச்சை படரும். கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை முகத்தில் வெள்ளை பூக்கும். இங்கே ஒருவர் டி-51ஐப் போட்டுக்கொண்டு ஆடி மாதத்தில் கிழக்கேகோட்டை பஸ் நிலையத்தில் நின்றால், எதிரி வருவதற்கு முன்பு உள்ளே காளான் வந்துவிடும். வியர்வையைப் பற்றி எழுதாமல் இருப்பதே நாகரிகம்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. கவசம் மனிதனுக்கு அபார பலம் தருகிறது. பலம் இருந்தால் சுமை தூக்குவான். கேரளத்தில் சுமை தூக்குவது அவ்வளவு எளிய காரியம் அல்ல.

நோக்குக்கூலி என்ற ஏற்பாட்டைத் தமிழ்நாட்டு வாசகர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். லாரியிலிருந்து சரக்கை இயந்திரம் இறக்குகிறது. அல்லது வீட்டுக்காரரே இறக்கிக்கொள்கிறார். பக்கத்தில் நின்று அதை நோக்கியவர்களுக்குக் கூலி. 2018 மே 1 முதல் அரசு இதற்குத் தடை விதித்தது. தடை விதித்து மூன்று ஆண்டு கழிந்த பிறகு, 2021 செப்டம்பரில், தும்பாவிலுள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்துக்குக் காற்றுச் சுரங்கச் சோதனைக்கான ராட்சதக் கருவி ஒன்று லாரியில் வந்தது. மனிதக் கைகளால் அசைக்கவே முடியாத எடை. ஊர்க்காரர்கள் வழிமறித்து 10 லட்சம் ரூபாய் கேட்டார்கள் என்று செய்தி வந்தது. போலீஸ் வந்த பிறகே வண்டி உள்ளே போயிற்று. சந்திரனுக்குப் போகிற நிறுவனத்துக்கே வாசலில் இந்த வரவேற்பு என்றால், சாலைக் கடைவீதியில் கவசம் போட்ட ஒருவன் ஒற்றைக் கையில் பத்து மூட்டை அரிசியைத் தூக்கும்போது என்ன நடக்கும் என்று கற்பனை செய்துகொள்ளலாம். அவன் தொழிலாளியா, இயந்திரமா? தொழிலாளி என்றால் அட்டை எங்கே? இயந்திரம் என்றால் நோக்கியவர்களுக்கு என்ன வழி?

இயந்திரத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்ற விஷயத்தில் கேரளப் போலீஸ் மட்டும் தெளிவாக இருந்தது. 2019 பிப்ரவரியில் திருவனந்தபுரம் போலீஸ் தலைமையகத்தில் கே.பி.பாட் என்ற பெண் உருவ ரோபோவைப் பணியில் அமர்த்தி, சப்-இன்ஸ்பெக்டர் பதவியும் கொடுத்தார்கள். திறந்துவைத்த முதல்வர் பினராயி விஜயனுக்கு அது விறைப்பாக சல்யூட் அடித்தது. வருகிறவர்களை வரவேற்று விவரம் சொல்வது அதன் வேலை. பி.எஸ்.சி. தேர்வுக்குப் படித்துப் படித்தே முன்நெற்றி ஏறிப்போனவர்கள் இந்த மாநிலத்தில் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அன்றைக்கு அவர்கள் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

ஃபால்அவுட் உலகின் இன்னொரு அம்சம் கதிர்வீச்சு. மண்ணைத் தொட்டால் கதிர்வீச்சு, தண்ணீர் குடித்தால் கதிர்வீச்சு. தோல் உரிந்து மூக்கு உதிர்ந்து அலைகிற மனிதர்கள். இதைப் பார்த்துக் கட்டுரையாளர் அசரவில்லை. அவர் பிறந்தது மணவாளக்குறிச்சிக்குப் பக்கம். அந்தக் கடற்கரை மணலில் மோனசைட் இருக்கிறது. மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடித்தார். எத்தனையோ தலைமுறையாகத் தேங்காய் நார் அழுக வைத்துக் கயிறு திரித்த ஊர்க்காரர்களுக்கு, தட்டிவிடுகிற மணலில் இவ்வளவு சரக்கு இருப்பது தெரியாது. வடக்கே கொல்லம் மாவட்டத்தில் சவறாவிலும் கருநாகப்பள்ளியிலும் இதே மணல்தான். உலகிலேயே இயற்கைக் கதிர்வீச்சு மிகுந்த குடியிருப்புப் பகுதிகளில் அது ஒன்று. அங்கே வாழும் சுமார் 70,000 பேரைத் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2009இல் முடிவை வெளியிட்டது: கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. கவசமில்லாமல் ஒற்றை வேட்டியோடு அந்த மக்கள் அங்கே மத்தி வறுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

"அப்போ நம்ம ஊர்ல ஃபால்அவுட் எடுபடாதுன்னு சொல்லுதியளா?" என்றான் மருமகன்.

எடுபடாது என்பதற்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு. அந்த விளையாட்டில் ரூபாய், டாலர் எல்லாம் போய்விட்டது; சோடா பாட்டில் மூடிதான் பணம். அதைக் 'கேப்ஸ்' என்கிறார்கள். நூகா கோலா என்ற பானத்தின் மூடிகளைப் பொறுக்கிச் சேர்த்தவன் பணக்காரன். நம் ஊரில் உலகம் அழிந்தால் மிஞ்சப்போவது கோலி சோடா. அதற்கு மூடியே கிடையாது. நாணயமாகப் புழங்கக்கூடியது உள்ளே இருக்கும் கோலிதான். அப்படியானால் தெருவில் கோலி விளையாடிய பையன்கள் எல்லாரும் ஒரே இரவில் கோடீசுவரர்கள். இரும்புச் சகோதரர்கள் அவர்களிடம் போய்க் கைகட்டி நிற்க வேண்டும்.

இனி நிஜத்தில் இப்படி ஒன்றைச் செய்ய முயன்றவர்களின் கதை. 1959இல் ராபர்ட் ஹைன்லைன் ஒரு நாவலில் படைவீரர்களுக்கு விசைக்கவசம் மாட்டினார். 1963இல் அயர்ன் மேன் சித்திரக்கதையில் வந்தார். அடுத்து, 1965இல், ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் அமெரிக்க ராணுவப் பணத்தில் ஹார்டிமேன் என்ற கவசத்தைக் கட்ட ஆரம்பித்தது. அதை மாட்டிய மனிதன் 680 கிலோவைத் தூக்க வேண்டும் என்பது திட்டம். கவசத்தின் எடையே 680 கிலோ. முழுக் கவசத்தையும் இயக்கிப் பார்த்தபோது அது கட்டுக்கடங்காமல் உதறியது. உள்ளே ஆளை வைத்து ஓட்டுவது பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஆறேழு ஆண்டு முடிவில் உருப்படியாக வேலை செய்தது ஒரு கை. ஒரே ஒரு கை. அது 340 கிலோ தூக்கியது என்பதை நியாயத்துக்காகச் சொல்லிவிட வேண்டும்.

பிறகு 2013இல் அமெரிக்கச் சிறப்புப் படைகளின் தளபதி மெக்ரேவன், டாலோஸ் என்ற கவசத் திட்டத்தை அறிவித்தார். அடுத்த ஆண்டு அதிபர் ஒபாமாவே மேடையில் நின்று, அயர்ன் மேனைக் கட்டுகிறோம் என்று பாதி விளையாட்டாகச் சொன்னார். 2019இல் திட்டம் கைவிடப்பட்டது. பாகங்கள் தனித்தனியே பரவாயில்லை, சேர்த்தால் உடை ஆகவில்லை என்பது சாரம். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த இடைஞ்சல் பழையதுதான்: பேட்டரி. முதுகில் அணு உலையைக் கட்ட விளையாட்டுக்காரர்களுக்கு மட்டும்தான் அனுமதி.

வாஷிங்டனில் இவ்வளவு பணம் கரைந்துகொண்டிருந்த அதே காலத்தில், மலப்புறம் மாவட்டத்துக் குட்டிப்புறத்தில், எம்.இ.எஸ். பொறியியல் கல்லூரியில் சில மாணவர்கள் விசைக்கவசம் கட்டிக்கொண்டிருந்தார்கள். விமல் கோவிந்த், ராஷித், அருண் ஜார்ஜ், நிகில். ஹாலிவுட் படம் பார்த்துத்தான் இந்த ஆசை வந்தது என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அயர்ன் மேன், அவதார் படங்களில் வருவதைப்போல மனிதன் உள்ளே நிற்க, கை காலோடு சேர்ந்து இரும்பும் அசைய வேண்டும். இந்தியப் பொறியியல் கல்லூரிகளில் கடைசி ஆண்டுப் புராஜெக்ட் எந்த லட்சணத்தில் நடக்கும் என்று அறிந்தவர்களுக்கு இந்தத் துணிச்சலின் அளவு புரியும். குழுவுக்கு ஜென்ரோபாட்டிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். படிப்பு முடிந்ததும் ஆளுக்கொரு வேலைக்குப் போனார்கள். அத்துடன் முடிந்திருக்க வேண்டிய கதை.

2015 நவம்பரில் கோழிக்கோட்டில் ஒரு சாக்கடைக் குழியில் ஆந்திரத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் இருவர் இறங்கி மயங்கி விழுந்தார்கள். வழியில் போன ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு அவர்களைத் தூக்க இறங்கினார். மூன்று பேரும் திரும்பி வரவில்லை. அந்தக் குழிகளில் தங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமானது. அடியில் போய்ப் படியும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போய்விடும், அப்போதுதான் ஆபத்து. கையால் மலம் அள்ளவைப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருந்தது. 2014இல் உச்ச நீதிமன்றம், சாக்கடையில் இறப்பவர் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுக்கச் சொல்லியிருந்தது. 2023இல் அதை 30 லட்சமாக்கியது. தொகை ஏற வேண்டியிருந்தது என்பதிலிருந்தே சட்டம் நடந்த விதம் தெரியும்.

கவசம் கட்டிய பையன்கள் வேலையை விட்டுவிட்டு மறுபடி ஒன்றுகூடினார்கள். 2017இல் நிறுவனம் பிறந்தது. கேரள ஸ்டார்ட்அப் மிஷனும் கேரள நீர் ஆணையமும் கைகொடுத்தன. 2018 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் 'பேண்டிகூட்' அறிமுகமாயிற்று. பெருச்சாளி. பிள்ளையாரைச் சுமக்கிற பிராணிக்குச் சாக்கடை வேலை கொடுத்தது பற்றி யாரும் வழக்குப் போட்டதாகத் தெரியவில்லை.

இந்த இயந்திரத்தைக் கட்டுரையாளர் படத்திலும் காணொளியிலும் பலமுறை பார்த்தார். குழியின் வாயில் ஒரு சட்டகம் நிற்கும். அதிலிருந்து கால்களை மடக்கிக்கொண்டு ஓர் உருவம் இறங்கும். உள்ளே போனதும் கால்களை விரித்துச் சுவரில் ஊன்றிக்கொள்ளும். ஒரு கை நீண்டு, அடைத்துக்கிடக்கும் கசடையும் கல்லையும் பிளாஸ்டிக்கையும் வாரி வாளியில் போடும். கேமரா உண்டு, வாயு இருக்கிறதா என்று மோப்பம் பிடிக்கும் உணரிகள் உண்டு. ஆள் மேலே வெளிச்சத்தில் நின்று திரையைப் பார்த்து இயக்குவார். முன்பு குழிக்குள் இறங்கிய தொழிலாளர்களையே இயக்குநர்களாகப் பழக்குவது என்பது அந்த நிறுவனம் ஆரம்பத்திலேயே எடுத்த முடிவு. மனிதனுக்கு இரும்பு உடுத்தி ஆபத்துக்குள் அனுப்ப நினைத்தவர்கள், கடைசியில் உடையை மட்டும் உள்ளே இறக்கி மனிதனைத் தெருவோரத்தில் நிறுத்திக்கொண்டார்கள். ஹார்டிமேன் ஆட்களுக்கு இது தோன்றவில்லை. அவர்களுக்குச் சாக்கடை அள்ளும் அவசியம் இருக்கவில்லை என்பதும் காரணமாயிருக்கலாம்.

அந்தக் கை நம்மூர்ப் பக்கமும் நீண்டது. முதல் ஆண்டிலேயே பெருச்சாளி கும்பகோணம் போனது. பிறகு கோயம்புத்தூர் முதலிய ஊர்கள். 2022இல் சோஹோ நிறுவனம் ஜென்ரோபாட்டிக்ஸில் 20 கோடி ரூபாய் முதலீடு செய்தது. தென்காசிப் பக்கத்துக் கணினிப் பணம் மலை தாண்டி வந்து திருவனந்தபுரத்துச் சாக்கடை இயந்திரத்தில் சேர்ந்ததில் கட்டுரையாளருக்கு ஒரு தனி மகிழ்ச்சி. எல்லையோரத்தில் பிறந்தவர்களுக்கு இந்த மாதிரி விஷயங்கள் தித்திக்கும். 2023 பிப்ரவரியில் குருவாயூரில் இயந்திரம் இறங்கியபோது, பயன்பாட்டிலுள்ள ஆள்குழிகள் அனைத்தையும் ரோபோவால் சுத்தம் செய்யும் முதல் மாநிலம் கேரளம் என்று அறிவித்தார்கள்.

அறிவிப்பில் ஆள்குழி என்று இருந்தது. ஓடை என்று இல்லை. 2024 ஜூலை 13 அன்று திருவனந்தபுரம் மத்திய ரயில் நிலையத்தின் அடியில் ஓடும் ஆமயிழஞ்சான் தோட்டில் குப்பை அள்ள இறங்கிய தொழிலாளி ஒருவரைத் திடீரெனப் பெருகிய மழைத் தண்ணீர் இழுத்துப் போயிற்று. தண்டவாளங்களுக்குக் கீழே இருட்டுச் சுரங்கம். உள்ளே மலையாகக் குப்பை. தீயணைப்புப் படையும் முக்குளிப்பவர்களும் தேசியப் பேரிடர் மீட்புப் படையும் இறங்கினார்கள். ஜென்ரோபாட்டிக்ஸ் ரோபோக்களையும் கொண்டுவந்து கேமராவால் துழாவினார்கள். மூன்றாம் நாள் அவருடைய உடல் வேறோர் இடத்தில் மிதந்தது. அந்த நிலையம் இருக்கும் தம்பானூரில் தினமும் பத்தாயிரக்கணக்கானவர்கள் ரயில் ஏறி இறங்குகிறார்கள். அவர்கள் வீசிய பாட்டிலும் பையும்தான் அந்த மலை. ரோபோ செய்யத் தெரிந்த நகரம்தான் இது.

குட்டிப்புறத்துக் கவசத்துக்கு இன்னொரு கிளையும் முளைத்தது. பழைய கனவில் மனிதன் இரும்புக்குள் நிற்க வேண்டும் அல்லவா? அதையும் அவர்கள் விடவில்லை. பக்கவாதம் வந்தவர்களுக்கும் முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கும் மறுபடி நடைபழக ஜி-கெய்ட்டர் என்ற இயந்திரம் செய்தார்கள். நோயாளியை வாரில் கட்டி நிறுத்தி, கால்களில் விசைக்கூடு பொருத்துகிறார்கள். இடுப்பு, முட்டி, கணுக்கால் எல்லாம் சரியான கோணத்தில், சரியான தாளத்தில் அசைகின்றன. மூளை மறந்துவிட்ட நடையைக் கால்கள் திரும்பத் திரும்பச் சொல்லி ஞாபகப்படுத்துகின்றன. முன்பு இரண்டு மூன்று பேர் குனிந்து நின்று காலைப் பிடித்துப் பிடித்து எடுத்துவைத்த வேலை இது. 2024இல் திருவனந்தபுரம் அரசுப் பொது மருத்துவமனைக்கு இந்த இயந்திரம் வந்தது. சுவர் பிளக்கில் செருகினால் ஓடும்.

விண்வெளி மையமும் சும்மா இருக்கவில்லை. 2018இல் பெங்களூரு விண்வெளிக் கண்காட்சியில் காட்டிய ஆரஞ்சு நிற விண்வெளி உடை திருவனந்தபுரத்தில் தயாரானதுதான். 2022இல் அதே மையம் நுண்செயலி பொருத்திய செயற்கை முழங்காலை அறிவித்தது. எடை 1.6 கிலோ. கால் இழந்த ஒருவர் அதை அணிந்து சிறு துணையுடன் தாழ்வாரத்தில் 100 மீட்டர் நடந்தார். வெளிநாட்டில் விற்பதைவிடப் பத்து மடங்குவரை மலிவாகத் தர முடியும் என்றார்கள். ராக்கெட்டைச் சாயாமல் நிறுத்துகிற புத்தி, முழங்காலைச் சாயாமல் நிறுத்துவதற்கும் உதவுகிறது.

முழங்கால் என்ற சொல்லைப் படித்ததும் கட்டுரையாளர் பரபரத்தார். இவ்வளவு தூரம் ஆராய்ந்தது வீண்போகவில்லை என்று எலும்பு மருத்துவரிடம் ஓடினார், நொண்டியபடி ஓடினார். ஜி-கெய்ட்டர், நுண்செயலி முட்டி, தேவைப்பட்டால் ஹைட்ராலிக், எதுவானாலும் தமக்குச் சம்மதம் என்று தெரிவித்தார். மருத்துவர் எக்ஸ்ரேயை விளக்கில் பிடித்துப் பார்த்தார். பிறகு கட்டுரையாளரின் வயிற்றைப் பார்த்தார். முதல் இயந்திரம் பக்கவாதக்காரர்களுக்கு, இரண்டாவது கால் இல்லாதவர்களுக்கு. சாருக்குக் கால் இருக்கிறது, அதன்மேல் கொஞ்சம் கூடுதலாக சாரும் இருக்கிறார் என்று பதமாக எடுத்துச் சொன்னார். சாயங்காலம் நடக்கவும், பரோட்டாவைக் குறைக்கவும், மருந்துக் கடையில் நீ-கேப் வாங்கி மாட்டிக்கொள்ளவும் எழுதிக் கொடுத்தார்.

வாங்கினார். ஒரு ஜோடி, பழுப்பு நிறம், எலாஸ்டிக். மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி, மருமகன் முன்னால் போய் நின்று வேட்டியை முட்டிக்கு மேல் தூக்கிக் காட்டினார். கணினித் திரையில் ஒரு டி-51 யாரையோ சுட்டுக்கொண்டிருந்தது. பையன் விளையாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான்; மாமாவின் சொத்தை மனசுக்குள் எண்ணினான்.

"ரெண்டு கேப்ஸ்தான் மாமா. இத வச்சு ஒரு நூகா கோலாகூட வாங்க முடியாது."